கையில் வேலை, கைக்கு வராத பணம்

கம்பெனிகள் காலாண்டுக் கணக்கு வெளியிடும் நாட்களில் டிவியின் அடியில் ஓடும் வரிகளைக் கவனித்திருப்பீர்கள். லாபம், வருமானம் எல்லாவற்றையும்விடப் பெரிதாக ஒரு எண் அதில் வரும். அதற்குப் பெயர் ஆர்டர் புக். எல் அண்ட் டி என்று நாம் சொல்லும் லார்சன் அண்ட் டூப்ரோ நிறுவனத்துக்கு 2025 மார்ச் 31 அன்று அந்த எண் 5,79,137 கோடி ரூபாய். என் உறவினர்களில் படித்தவர்கள்கூட அதைக் கம்பெனியின் சொத்து என்றே நினைத்திருந்தார்கள். சைட்டுகளில் பில்லிங் இன்ஜினியராகவே வேலை பார்த்து ஓய்வுபெற்றவன் நான். செய்து தருவதாக ஒப்புக்கொண்டு, இன்னும் செய்து முடிக்காத வேலைகளின் மொத்த விலைதான் அந்த எண்.

தீபாவளி நேரத்துத் தையல் கடையை நினைத்துக்கொள்ளுங்கள். அலமாரி கொள்ளாமல் துணி குவிந்திருந்தால் கடைக்கு நல்ல பெயர் என்று தெரியும். ஆனால் தைத்து, காஜா எடுத்து, இஸ்திரி போட்டு, துணி கொடுத்தவர் வந்து காசு கொடுத்த பிறகுதான் தையல்காரர் வீட்டுக்கு அரிசி.

எல் அண்ட் டியின் கணக்கையே எடுத்துக்கொள்வோம். 2024 மார்ச் முடிவில் கையில் இருந்த வேலை சுமார் 4.76 லட்சம் கோடி ரூபாய். அடுத்த பன்னிரண்டு மாதத்தில் புதிதாக வந்த ஆர்டர் சுமார் 3.57 லட்சம் கோடி. அதே பன்னிரண்டு மாதத்தில் வருமானமாக மாறியது சுமார் 2.56 லட்சம் கோடி. இது ஐ.டி. கிளை நிறுவனங்களையும் சேர்த்த கணக்கு. அப்படியும் போக்கு தெளிவாகத் தெரிகிறது. வேலை உள்ளே வருகிற வேகத்துக்கு வெளியே போகவில்லை. அதன் பிறகு ஒரு ஆர்டர்கூட வராவிட்டாலும் இதே வேகத்தில் இரண்டு வருடத்துக்கு மேல் ஓட்டலாம். 2025 மார்ச் முடிவில் இந்த வேலைகளில் 46 சதவீதம் வெளிநாட்டில் இருந்தது, அதில் பெரும்பகுதி வளைகுடா நாடுகளில்.

1938-ல் பம்பாயில் டென்மார்க் நாட்டு இன்ஜினியர்கள் இருவர் தொடங்கிய கம்பெனி இது. அதன் கட்டுமானப் பிரிவுக்குத் தலைமையகம் நம் சென்னை மணப்பாக்கத்தில்தான். டெல்லி தாமரைக் கோயில், குஜராத்தின் 182 மீட்டர் பட்டேல் சிலை போன்றவற்றைக் கட்டியது, அந்த வழியாக பஸ்ஸில் போகிறவர்கள் பார்க்கிற காம்பவுண்டில் இருக்கும் அந்தப் பிரிவுதான். அதனால் தமிழ்நாட்டில் சிவில் படித்த என் தலைமுறைக்கு அந்தப் பெயர் மேல் ஒரு மரியாதை உண்டு. நான் அங்கே வேலை பார்த்ததில்லை. ஆனால் ஆர்டர் புக் என்றால் என்ன என்று சொல்ல இந்தியாவில் அதைவிடப் பெரிய உதாரணம் இல்லை.

ஒரு வேலை இந்தக் கணக்கில் எப்போது ஏறுகிறது? டெண்டரில் குறைந்த விலை போட்டவரை எல்-1 என்பார்கள். எல்-1 ஆனாலே சிலர் இனிப்பு வாங்கிக் கொடுத்துவிடுவார்கள். ஆனால் வேலை உங்களுக்கு என்று எழுத்தில் கடிதம் வந்தால்தான் புத்தகத்தில் ஏற்றுவது முறை. பிறகு பேங்க் கியாரண்டி கட்ட வேண்டும், ஒப்பந்தத்தில் கையெழுத்தாக வேண்டும், முன்பணம் வர வேண்டும். இவ்வளவும் முடிந்த பிறகும் சைட்டில் ஒரு கடப்பாரை இறங்காமலே வருடங்கள் போகலாம். அப்படி நகராமல் கிடக்கும் வேலைகளை எல் அண்ட் டி பல தடவை தன் புத்தகத்திலிருந்து தானாகவே நீக்கியிருக்கிறது. நேர்மையான பழக்கம். எல்லாக் கம்பெனிகளும் அப்படிச் செய்வதில்லை.

மும்பை - அகமதாபாத் புல்லட் ரயிலைப் பார்த்தால் இது நன்றாக விளங்கும். மொத்தம் 508 கிலோமீட்டர், 12 ஸ்டேஷன், போட்ட மதிப்பீடு 1.08 லட்சம் கோடி ரூபாய். 2017 செப்டம்பர் 14-ல் அகமதாபாத்தில் பிரதமர் மோடியும் ஜப்பான் பிரதமர் ஷின்ஸோ அபேயும் அடிக்கல் நாட்டினார்கள். பெரும்பகுதிப் பணம் ஜப்பான் கடன், 0.1 சதவீத வட்டி. ஆக, பணம் இங்கே தடையே இல்லை. 2020 நவம்பரில் குஜராத் பக்கத்து 237 கிலோமீட்டருக்கு எல் அண்ட் டியோடு ஒப்பந்தம் ஆனது. 24,985 கோடி ரூபாய். அடுத்து, மகாராஷ்டிரத்தில் ஷில்பாட்டாவிலிருந்து மாநில எல்லை வரையுள்ள 135 கிலோமீட்டர். அதுவும் இதே கம்பெனிக்குத்தான் போனது, ஆனால் 2023 ஜூலையில். ஒரே ரயில், ஒரே கான்ட்ராக்டர், நடுவில் இரண்டரை வருடத்துக்கு மேல் இடைவெளி. காரணம் நிலம். குஜராத்தில் நிலம் முன்னாலேயே கைக்கு வந்துவிட்டது. மகாராஷ்டிரத்தில் வரவில்லை. விக்ரோலியில் ஒரு பெரிய தொழில் குழுமத்தின் நிலத்துக்கான வழக்கு 2023 பிப்ரவரியில்தான் பம்பாய் உயர் நீதிமன்றத்தில் முடிந்தது. பால்கர் மாவட்டத்துப் பழங்குடி விவசாயிகள் வருடக்கணக்கில் எதிர்த்து நின்றார்கள். முழு நிலமும் கைக்கு வந்தது 2024 ஜனவரியில். இதை எழுதும்போது ரயில் இன்னும் ஓடத் தொடங்கவில்லை.

நிலம் தராதவர்களை வளர்ச்சிக்கு எதிரிகள் என்று பேசும் வழக்கம் எங்கள் துறையில் உண்டு. எனக்கு அதில் உடன்பாடு கிடையாது. பால்கரில் ஒரு குடும்பத்துக்கு இருப்பது அந்த ஒரு துண்டு நிலம். அந்தக் குடும்பம் ஒரு நாளும் ஏறப்போகாத ரயில் அது. விலை பேசாமல் கொடுக்க அவர்கள் என்ன கடன்பட்டிருக்கிறார்கள்? தவறு, நிலம் கையில் இல்லாமலே டெண்டர் விடுவதில் இருக்கிறது.

நிலம் ஏன் இவ்வளவு முக்கியம் என்பதற்கு அந்த ரயில் ஓடப்போகும் மேம்பாலத்தைக் கட்டும் விதத்தையே சொல்லலாம். இதில் காஞ்சிபுரத்துக்கும் பங்கு உண்டு. வழக்கமாக மேம்பாலத் தளத்தைத் துண்டு துண்டாக வார்த்து மேலே ஏற்றிக் கோர்ப்பார்கள். புல்லட் ரயிலில் பல இடங்களில் 40 மீட்டர் நீளத் தளத்தை ஒரே பெட்டியாக யார்டில் வார்த்துவிடுகிறார்கள். எடை சுமார் 970 டன். அதைத் தூக்க யார்டில் கால் அகட்டி நிற்கும் ஒரு ராட்சச வண்டி. பிறகு, ஏற்கெனவே போட்டு முடித்த தளத்தின் மேலேயே பல சக்கர வண்டி ஒன்று அதைச் சுமந்துகொண்டு முன்னால் போகும். கடைசித் தூணில் நிற்கும் லாஞ்சிங் கேன்ட்ரி அதை வாங்கி அடுத்த இரு தூண்களின் மேல் இறக்கும். இந்தத் தூக்கு வண்டியையும் சுமக்கும் வண்டியையும் எல் அண்ட் டி தன் காஞ்சிபுரம் தொழிற்சாலையில் செய்தது. 1,100 டன் தாங்கும். 55 சிறு, நடுத்தர நிறுவனங்கள் அதற்குப் பாகங்கள் செய்து கொடுத்தன. 2021 செப்டம்பரில் அது கொடியசைத்துத் தொடங்கிவைக்கப்பட்டது. இப்போது கவனியுங்கள். வண்டி போகும் பாதையே, போட்டு முடித்த தளம்தான். நடுவில் ஒரே ஒரு வயல் கைக்கு வராவிட்டாலும் வண்டி அங்கே நின்றுவிடும். அதற்கு அப்பால் தூண்களெல்லாம் தயாராக நின்றாலும் பயனில்லை.

ஹைதராபாத் மெட்ரோவிலும் இதுதான் கதை. 2010-ல் ஒப்பந்தம், 71 கிலோமீட்டருக்கு. முதல் ரயில் 2017 நவம்பரில். 69 கிலோமீட்டர் முடிந்தது 2020 பிப்ரவரியில். பழைய நகரத்துக்குள் போக வேண்டிய மிச்சத் துண்டு கட்டப்படவே இல்லை. அங்கே எல் அண்ட் டி கட்டினால் மட்டும் போதாது, தன் கடனில் கட்டி டிக்கெட் காசில் திரும்ப எடுக்க வேண்டும். திறந்து முடித்த அடுத்த மாதமே கொரோனா வந்தது. கடைசியில் 2025-ல் மாநில அரசே அதை எடுத்துக்கொள்ள முன்வந்தது. இப்போது பெரிய கம்பெனிகள் இந்த மாதிரித் திட்டங்களைத் தொடவே தயங்குகின்றன. கட்டிக் கொடுத்தோமா, பில் போட்டோமா என்ற வேலைதான் வேண்டும் என்கின்றன.

அந்த பில்லைப் பற்றித்தான் எனக்குச் சொல்ல நிறைய இருக்கிறது.

ஒரு பாலத்தின் தூணுக்கு இன்று கான்கிரீட் போடுகிறோம் என்று வையுங்கள். கையோடு அதிலிருந்து க்யூப் எடுத்து வைப்போம். ஏழாம் நாள் ஒன்றை உடைத்துப் பார்ப்போம், 28-ஆம் நாள் மீதியை. வலு சரியாக இருந்தால் எங்கள் ஆளும் அரசுத் தரப்பு ஆலோசகரின் ஆளும் சேர்ந்து போய் அளப்பார்கள். டேப்பின் ஒரு முனையை அவர் பிடிப்பார், மறு முனையை நான். நீளம், அகலம், உயரம் எம் புக் என்ற அளவுப் புத்தகத்தில் ஏறும். அடித்தல் திருத்தல் இருந்தால் பக்கத்திலேயே இரண்டு பேர் கையெழுத்து. இப்போது இதெல்லாம் கம்ப்யூட்டரில் வந்துவிட்டது, ஆனால் முறை அதேதான். மாதக் கடைசியில் எல்லா அளவையும் விலையோடு பெருக்கி ரன்னிங் பில் தயாராகும். ஆலோசகர் சரிபார்ப்பார், சந்தேகம் கேட்பார், திருப்பி அனுப்புவார். பிறகு அது வேலை கொடுத்த அலுவலகத்துக்குப் போகும். அங்கே ஒரு மேஜை, அதற்கு மேல் ஒரு மேஜை. உலகம் முழுக்கப் புழங்கும் ஃபிடிக் ஒப்பந்த மாதிரியில், பில் ஆலோசகர் கைக்கு வந்ததிலிருந்து 56 நாளுக்குள் பணம் தர வேண்டும். தூணுக்குக் கான்கிரீட் போட்ட நாளிலிருந்து எண்ணினால் அதற்குள் மூன்று மாதம் ஓடியிருக்கும். எல்லாம் ஒழுங்காக நடந்தால் இந்தக் கணக்கு.

வருகிற பணமும் முழுசாக வராது. ஒரு கோடி ரூபாய் பில் என்றால், முன்பணம் கொடுத்ததில் ஒரு பங்கைக் கழிப்பார்கள். ரீடென்ஷன் என்று 5 லட்சம் அளவுக்கு நிறுத்தி வைப்பார்கள், வேலை முடிந்து நாள் கழித்துத் திரும்ப வரும். வருமான வரிப் பிடித்தம் உண்டு. தொழிலாளர் நல நிதிக்கு ஒரு சதவீதம். இது போக, எந்த ஐட்டத்திலாவது தகராறு என்றால் அந்தத் தொகை தனியாகப் படுத்துக்கொள்ளும். அது நடுவர் தீர்ப்பாயத்துக்குப் போனால் என் சர்வீஸ் முடிவதற்குள் வருமா என்று நாங்கள் எண்ணிய கோப்புகள் உண்டு. 2016-ல் மத்திய அமைச்சரவையின் பொருளாதார விவகாரக் குழுவே ஒரு முடிவு எடுக்க வேண்டி வந்தது. நடுவர் தீர்ப்பு கான்ட்ராக்டருக்குச் சாதகமாக வந்து, அரசு நிறுவனம் மேல்முறையீடு போனாலும், பேங்க் கியாரண்டி வாங்கிக்கொண்டு 75 சதவீதத்தைக் கொடுத்துவிட வேண்டும் என்று. அவ்வளவு பணம் வழக்குகளில் முடங்கியிருந்தது.

நான் வேலை பார்த்த ஒரு நாலுவழிச் சாலையில் ஒரு பாலம். இரண்டு பக்கமும் மண் கொட்டி ரோலர் ஓட்டி முடித்தாயிற்று. நடுவில் ஒரு கிணறும் பம்புசெட்டும் இருந்த நிலத்துக்கு இழப்பீடு முடிவாகவில்லை. கம்பி கட்டும் மேஸ்திரி ஒருவர், திருவண்ணாமலைப் பக்கத்துக்காரர், முப்பது ஆட்களோடு அங்கே வந்திருந்தார். கட்டிய கம்பிக்கு டன் கணக்கில் பணம் என்பது பேச்சு. நாங்கள் வேலை நிற்கிறது என்று மேலே எழுதினோம், மேலிருந்து கால நீட்டிப்பு கேளுங்கள் என்று பதில் வந்தது. சனிக்கிழமை சாயங்காலம் ஆனால் மேஸ்திரி என் கன்டெய்னர் ஆபீஸ் வாசலில் நிற்பார். உள்ளே கூப்பிட்டாலும் வர மாட்டார்.

"சார், பில்லு இந்த வாரம் வந்துருமா?"

"போட்டாச்சு மேஸ்திரி. ஹெட் ஆபீஸ்ல இருக்கு."

"போன வாரமும் அங்கதான் சார் இருந்துச்சு. பசங்களுக்குச் சாப்பாட்டுக்காவது குடுக்கணும். ரெண்டு வட்டிக்கு வாங்கிட்டு வந்து குடுத்துட்டிருக்கேன்."

அவர் சொன்னதில் ஒரு வார்த்தை பொய் இல்லை. என் கம்பெனிக்கு மேலிருந்து பணம் வரவில்லை என்பதும் பொய் இல்லை. ஆனால் கம்பெனிக்கு பேங்க் கடன் கிடைக்கும், ஓவர்டிராஃப்ட் கிடைக்கும், தாமதத்துக்கு வட்டி கேட்டு வழக்குப் போட வக்கீல் இருக்கிறார். மேஸ்திரிக்கு இருந்தது மனைவியின் நகை. பாலத்தின் காத்திருப்புச் செலவை உண்மையில் கட்டியது அவர்தான். அந்த வேலை அப்போதும் எங்கள் கம்பெனியின் ஆர்டர் புக்கில் முழு மதிப்போடு கம்பீரமாக நின்றது.

பணம் கொடுக்கிறவரே கையை விரித்தால் என்ன ஆகும் என்பதற்கு ஜல் ஜீவன் திட்டம் சாட்சி. வீட்டுக்கு வீடு குழாய்த் தண்ணீர் என்று 2019 ஆகஸ்ட் 15-ல் அறிவித்தார்கள், 2024-க்குள் முடிப்பதாக. பெரியதும் சிறியதுமாக நாடு முழுக்கக் கான்ட்ராக்டர்கள் வேலை எடுத்தார்கள். 2024-25 மத்திய பட்ஜெட்டில் அதற்கு 70,163 கோடி ரூபாய் ஒதுக்கியிருந்தது. அதே வருடத்துத் திருத்திய மதிப்பீட்டில் அது 22,694 கோடி ஆனது. கெடு 2028 வரை தள்ளிப்போனது. குழாய் பதித்து முடித்தவர்கள் பணத்துக்காக மாவட்ட ஆபீஸ்களில் அலைந்தார்கள். எல் அண்ட் டியே தன் தண்ணீர்ப் பிரிவு வேலை மெதுவானதற்குப் பணம் தாமதமானதைக் காரணமாகச் சொன்னது. அவ்வளவு பெரிய கம்பெனிக்கு அது ஒரு பிரிவின் சரிவு. இரண்டு ஜேசிபி வைத்து உட்கான்ட்ராக்ட் எடுத்தவருக்கு அதுவே வாழ்க்கை.

ஆர்டர் புக் நிரம்பி வழிந்தும் ஒரு கம்பெனி ஒரே இரவில் மூழ்கும் என்பதை பிரிட்டனில் உலகமே பார்த்தது. காரிலியன் என்று ஒரு பெரிய கட்டுமான நிறுவனம். ஆஸ்பத்திரி, சாலை, ரயில், பள்ளிக்கூடச் சாப்பாடு வரை அரசு வேலை எல்லாம் எடுத்தது. 2016 முடிவில் அதன் கையில் இருந்த வேலை 1,600 கோடி பவுண்டு என்று சொல்லிக்கொண்டது. விலையைக் குறைத்துப் போட்டு வேலை பிடிப்பது, பழைய வேலையின் நஷ்டத்தைப் புது வேலையின் முன்பணத்தில் மூடுவது என்று ஓட்டியது. தனக்குக் கீழே இருந்த சிறிய நிறுவனங்களுக்கு 120 நாள் கழித்துப் பணம் கொடுத்தது. 2017 ஜூலையில் 84.5 கோடி பவுண்டு நஷ்டத்தை ஒப்புக்கொண்டது. 2018 ஜனவரி 15-ல் மூடினார்கள். அப்போது கையில் ரொக்கம் 2.9 கோடி பவுண்டு, கொடுக்க வேண்டிய பொறுப்புகள் 700 கோடி பவுண்டுக்கு அருகில். சுமார் 30,000 சப்ளையர்களுக்குப் பாக்கி. லிவர்பூலில் பாதியில் நின்ற ஆஸ்பத்திரி 2022-லும், பர்மிங்ஹாம் பக்கத்தில் நின்றது 2024-லும்தான் திறந்தன. நோயாளிகள் அத்தனை வருடம் பழைய கட்டடத்திலேயே இருந்தார்கள்.

எல் அண்ட் டியை அதோடு ஒப்பிடவில்லை. அதன் கணக்கும் கட்டுப்பாடும் வேறு. ஆனால் காரிலியனின் ஆர்டர் புக் எண்ணைப் பார்த்துக் கைதட்டியவர்களும் படித்தவர்கள்தான். அந்த எண்ணோடு பக்கத்தில் வேறு சில எண்களையும் பார்க்கப் பழக வேண்டும் என்பதற்காகச் சொல்கிறேன்.

அதில் ஒன்று ஆட்கள். எல் அண்ட் டி தலைவர் எஸ்.என். சுப்ரமணியன் 2025 பிப்ரவரியில் சென்னையில் பேசும்போது ஒரு கணக்குச் சொன்னார். அவர்களுக்குத் தேவை 4 லட்சம் தொழிலாளர்கள். ஆனால் ஆட்கள் வருடத்தில் மூன்று நான்கு முறை மாறிவிடுவதால் 16 லட்சம் பேரைச் சேர்க்க வேண்டியிருக்கிறது. அந்தக் கணக்கை நான் நம்புகிறேன், சைட்டில் பார்த்ததுதான். அரசு நலத் திட்டங்கள் இருப்பதால் ஊரைவிட்டு வர மனமில்லை என்று அவர் சொன்ன காரணத்தைத்தான் என்னால் ஏற்க முடியவில்லை. பீகாரிலிருந்தும் ஜார்க்கண்டிலிருந்தும் ஒடிசாவிலிருந்தும் வருகிற பையன்கள் தங்கும் லேபர் காலனி தகரக் கொட்டகை. சித்திரை வெயிலில் அதற்குள் மத்தியானம் பத்து நிமிடம் உட்கார்ந்து பார்த்தால் தெரியும். சத் பூஜைக்கும் ஹோலிக்கும் ஊருக்குப் போகிறவர்கள் ஏன் திரும்புவதில்லை என்று நான் ஃபோர்மேன்களிடம் கேட்டிருக்கிறேன். அடுத்த சைட்டில் ஐம்பது ரூபாய் கூட என்பார்கள். அல்லது, போன மாதச் சம்பளம் இன்னும் பாக்கி என்பார்கள். கீழே சம்பளம் நிற்பது பெரும்பாலும் மேலே பில் நிற்பதால்தான். கையில் இத்தனை லட்சம் கோடிக்கு வேலை இருக்கும்போது, அதைக் கட்டிமுடிக்க வேண்டியவரை நிறுத்திவைப்பது இந்தப் பண ஓட்டம்தான்.

சட்டம் இல்லாமல் இல்லை. 2006-ஆம் வருடத்துச் சிறு, குறு நிறுவனச் சட்டம், 45 நாளுக்குள் பணம் தர வேண்டும் என்கிறது. குறு, சிறு நிறுவனங்களுக்கு அந்தக் கெடுவுக்குள் கொடுக்காத பாக்கியை, கொடுக்கும் வரை செலவாகக் காட்டி வரிக் கழிவு பெற முடியாது என்று வருமான வரிச் சட்டத்திலும் மாற்றம் வந்து, 2024 ஏப்ரல் முதல் நடப்பில் இருக்கிறது. நல்ல மாற்றம். ஆனால் பதிவு செய்த நிறுவனத்துக்குத்தான் இதெல்லாம். என் மேஸ்திரியிடம் பதிவும் இல்லை, பில் புக்கும் இல்லை. ஒரு நோட்டுப் புத்தகம் இருந்தது. அதில் யார் எத்தனை நாள் வந்தார்கள் என்று கோடு போட்டு வைத்திருந்தார்.

பெரிய கம்பெனிகளின் ஆண்டறிக்கையில், பங்குச் சந்தையை ஒழுங்குபடுத்தும் செபி கேட்டுக்கொண்டதன் பேரில், சமூகப் பொறுப்பு பற்றிய பகுதியில் இப்போது ஒரு வரி வருகிறது. சப்ளையர்களுக்குப் பணம் கொடுக்க சராசரியாக எத்தனை நாள் ஆகிறது என்ற எண். ஆர்டர் புக்கைத் தேடிப் படிக்கிறவர்கள் அந்த வரியையும் தேடிப் படிக்க வேண்டும். அதிலும் ஒரு குறை இருக்கிறது. இரும்பு ஆலைக்கும் சிமெண்ட் கம்பெனிக்கும் கொடுக்க எடுத்துக்கொள்ளும் நாளும், கம்பி கட்டியவருக்குக் கொடுக்க எடுத்துக்கொள்ளும் நாளும் ஒரே சராசரியில் கலந்துவிடுகின்றன. சிமெண்ட் கம்பெனி பணம் வராவிட்டால் லோடு அனுப்பாது, அதனால் அதற்குச் சீக்கிரம் போய்விடும். லேபர் கான்ட்ராக்டருக்கு எத்தனை நாள் என்பதைத் தனியாகப் பிரித்து, ஒவ்வொரு காலாண்டும், ஆர்டர் புக் எண்ணுக்கு அடுத்த வரியிலேயே போடச் சொல்லி செபி கேட்க வேண்டும். கணக்கு எல்லாம் பில்லிங் செக்‌ஷனில் தயாராக இருக்கிறது. எடுத்துக் கொடுக்க அரை நாள் போதும்.